சாத்தானோடு எழுதிய பத்திரங்களை வாசிப்பது எப்படி

நாகர்கோவிலில் நாங்கள் ஏழு பேர், சாத்தானிடம் ஆன்மாவை விற்றவர்களின் கதைகளுக்கென்றே ஒரு வாசிப்புக் கூட்டத்தை நடத்தி வருகிறோம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் தொடங்கி, மார்கழிப் பனி விழும்வரை வாரம் ஒரு மாலை கூடுவோம். எங்களில் இருவர் வழக்குரைஞர்கள், ஒருவர் கணக்கு ஆசிரியை, ஒருவர் வில்லிசைக் குழுவில் குடம் அடிப்பவர். மற்றவர்களுக்குக் கதைப் பித்தைத் தவிர வேறு தகுதி கிடையாது. நாங்கள் சாத்தானின் ரசிகர்கள் என்று வெளியே சொல்லிக்கொள்வதில்லை. கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே மாலையில் காதில் விழும் ஊரில் அதற்கு விளக்கம் சொல்லி முடியாது. என் ஆச்சிக்கு மட்டும் முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. “வெளக்கு வச்ச பொறவு அவம் பேர எடுக்காத மக்கா” என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு எடுத்துச் செல்ல முந்திரிக்கொத்து டப்பாவையும் கையில் கொடுத்தார்.

இக்கதைகளை வாசிக்கத் தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது, பயத்தையும் பக்தியையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு பத்திர எழுத்தரின் கண்ணாடியை மாட்டிக்கொள்வதாகும். என் சித்தப்பா நாற்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார், சொத்து எது, நான்கெல்லை என்ன, பிரதிபலன் எவ்வளவு, கெடு எப்போது, கெடு தப்பினால் யாருக்கு நட்டம் என்ற வரிசையில்தான் அவருடைய கண் ஓடும். சாத்தானின் கதைகளையும் அதே வரிசையில் வாசித்துப் பாருங்கள். ஆன்மாவுக்கு நான்கெல்லை எழுத முடியாது என்ற ஒரே சிக்கலை வைத்துக்கொண்டு நானூறு ஆண்டுகளாக எழுத்தாளர்கள் எத்தனை விதமாக விளையாடியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புலப்படும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ‘சாத்தான்’ என்பது எதிர்ப்பவன், குற்றஞ்சாட்டுபவன் என்ற பொருளுடைய எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. சீத்தலைச் சாத்தனாரின் சாத்தனுக்கும் நம் மாவட்டத்தில் பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தோடு போய்க் கும்பிடும் சாஸ்தாவுக்கும் அதனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பழந்தமிழில் ‘சாத்து’ என்றால் வணிகக் கூட்டம் என்பதையும், ரசீதுக்குக் ‘கைச்சாத்து’ என்றும் ஒரு பெயர் உண்டு என்பதையும் நினைக்கும்போது, இந்த வியாபாரிக்குத் தமிழில் தற்செயலாக வாய்த்த பெயர் எத்தனை பொருத்தம் என்று எங்கள் கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் வியந்துகொள்கிறது.

எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் உண்டு. ஜெர்மன் கவிஞர் கதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடகத்தின் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கக் கூடாது. நான் அப்படித்தான் தொடங்கினேன். முதல் பாகம் நூலகத்தில் இல்லையென்பதால் இரண்டாவதை எடுத்து வந்து, கிரேக்கப் பூதங்களுக்கும் தேவதைகளுக்கும் நடுவில் வழி தெரியாமல் சிக்கி, அதன்பின் மூன்று ஆண்டுகள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1891இல் வெளியிட்ட புட்டிச் சாத்தான் கதையிலிருந்து தொடங்குங்கள். ஒரே மாலையில் வாசித்துவிடலாம், கூடவே கணக்கும் போடலாம். ஸ்டீவன்சன், இர்விங், மார்லோ ஆகியோரின் மூலமும், கதேயின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் காப்புரிமை கடந்தவை என்பதால் கூட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருவர் ஒரு பத்தியை வாசித்ததும் அடுத்தவர் அதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மொழிபெயர்க்கும்போது எந்தச் சட்டநுணுக்கமும் நழுவித் தப்பிவிட முடியாது.

ஸ்டீவன்சனின் கதையில் ஒரு புட்டி வருகிறது. அதற்குள் இருக்கும் சாத்தான் கேட்டதைக் கொடுக்கும். ஆயுளை மட்டும் நீட்டித் தராது. புட்டியோடு இறப்பவர் நரகத்துக்குப் போவார். விற்றுத் தப்பிக்கலாம், ஆனால் வாங்கிய விலைக்குக் குறைவாகவே விற்க வேண்டும், அதுவும் அச்சடித்த நாணயத்துக்கே விற்க வேண்டும். ஹவாய்த் தீவைச் சேர்ந்த கேயாவே அதை ஐம்பது டாலருக்கு வாங்கி, வீடு கட்டிக்கொண்டு, நண்பனிடம் தள்ளிவிடுகிறான். பிறகு திருமணம் கைகூடும் வேளையில் தன் உடலில் தொழுநோயைக் கண்டு, புட்டியை மீண்டும் தேடிப் போகிறான். அதற்குள் விலை ஒரு செண்டுக்கு இறங்கிவிட்டது. அதற்குக் கீழே நாணயம் இல்லை. அப்போது அவன் மனைவி கோகுவாவுக்கு ஒரு யோசனை தோன்றுகிறது: பிரெஞ்சுக்காரர்களின் தாஹிதியில் ஒரு செண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சாந்தீம் கிடைக்குமே, அங்கே போனால் இன்னும் நான்கு படி இறங்கலாமே.

இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காகிதமும் பென்சிலும் எடுக்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முன் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் தாலுகாக்கள் நெடுங்காலம் திருவிதாங்கூரில் இருந்தன. மன்னராட்சியில் இங்கே புழங்கிய பணமே வேறு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம், அதாவது 456 காசு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் அதே பிரிட்டிஷ் ரூபாய்க்கு 192 தம்பிடிதான். ஆகவே ஒரு தம்பிடிக்கு இரண்டே காலே அரைக்கால் காசு வருகிறது என்று எங்கள் கணக்கு ஆசிரியை கரும்பலகை இல்லாமலேயே சொன்னார். திருநெல்வேலிச் சீமையில் ஒரு தம்பிடிக்குப் புட்டியை வாங்கி, இனி விற்க வழியில்லையே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், பணகுடியிலிருந்து வண்டி கட்டி ஆரல்வாய்மொழியைக் கடந்தால் போதும். நம் ஊரில் ஒருவரிடம் இரண்டு காசுக்கு விற்றுவிடலாம். அவர் இன்னொருவரிடம் ஒரு காசுக்கு விற்கலாம். அந்த ஒரு காசுக்காரரின் கதி என்ன என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. கேயாவேக்குக் கிடைத்ததைப் போல, தான் எப்படியும் நரகத்துக்குப் போகிறவன்தான் என்று சொல்லிப் புட்டியைத் திருப்பிக் கொடுக்க மறுக்கும் ஒரு குடிகார மாலுமி குளச்சல் துறையில் அகப்பட்டிருப்பானா என்று நாங்கள் ஒரு மாலை முழுவதும் விவாதித்தோம்.

அடுத்த வாரம் வாஷிங்டன் இர்விங் 1824இல் வெளியிட்ட டாம் வாக்கர் கதைக்குப் போகலாம். அதில் நிறுத்தி வாசிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. அடிமைக் கப்பல் நடத்தச் சொல்லும் சாத்தானிடம் டாம் மறுத்துவிடுகிறான். சரி, வட்டிக்கடை வை, மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கொடு என்கிறது சாத்தான். நான் நான்கு வாங்குவேன் என்கிறான் டாம். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது என்பதை அறிந்த எவருக்கும் இந்த வரிக்கு உரை தேவையில்லை.

இவ்விரண்டும் முடிந்தபின் கிறிஸ்டோபர் மார்லோவின் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாடகத்துக்கு வர வேண்டும். இதற்கு இரண்டு மாலைகளாவது ஒதுக்குங்கள். ஜெர்மனியில் 1587இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அச்சான ஃபாஸ்ட் கதைப்புத்தகத்திலிருந்து பிறந்த நாடகம் இது. மார்லோ 1593இல், இருபத்தொன்பது வயதில் கொல்லப்பட்ட பிறகே நூலாக வந்தது. 1604ஆம் ஆண்டுப் பதிப்பு சிறியது, 1616ஆம் ஆண்டுப் பதிப்பு பெரியது. சிறியதையே எடுங்கள், பெரியதில் கோமாளித்தனம் கூடுதல்.

முதல் மாலையில் பத்திரத்தை மட்டும் பார்க்கலாம். வல்லமைக்காக ஆன்மாவை விற்கும் அறிஞன் ஃபாஸ்டஸ் தன் கையைக் கீறி எழுதத் தொடங்குகிறான். இரத்தம் உறைந்து எழுத்து நின்றுவிடுகிறது. சாத்தானின் தூதனான மெஃபிஸ்டோஃபிலிஸ் ஓடிப்போய்த் தணல் கொண்டுவந்து இரத்தத்தை இளக்குகிறது. எழுதி முடித்ததும் அவன் கையிலேயே ‘மனிதா, ஓடிவிடு’ என்று லத்தீனில் எழுத்துத் தோன்றுகிறது. இவ்வளவு பச்சையாக எச்சரிக்கும் பத்திரத்தை எந்தப் பதிவு அலுவலகத்திலும் பார்க்க முடியாது. அதைவிட வேடிக்கை, அந்தச் சுருளுக்கு ஃபாஸ்டஸ் தானப் பத்திரம் என்று பெயர் சூட்டுவது. உடலையும் ஆன்மாவையும் தானமாகத் தருவதாகச் சொல்லிவிட்டு, இருபத்துநான்கு ஆண்டு ஏவலும் இன்னும் சில நிபந்தனைகளும் கேட்கிறான். இந்த இடத்தைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “தானம்னு எழுதிட்டுக் கைம்மாறு கேட்டா அது தானம் இல்ல மக்களே, கிரயம்” என்றார். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. தலைப்பே தவறாக எழுதப்பட்ட ஆவணத்துக்காகவா ஒரு பேரறிஞன் நரகத்துக்குப் போனான் என்று அன்று முழுவதும் எங்கள் வழக்குரைஞர்களுக்கு ஆறவில்லை.

அடுத்து, எழுதி வாங்கியவர் ஒப்பந்தத்தைக் காப்பாற்றினாரா என்று பட்டியல் போடுங்கள். ஃபாஸ்டஸ் மனைவி கேட்கிறான். திருமணம் என்பது வெறும் சடங்கு என்று தட்டிக்கழித்துவிட்டு, பெண் வேடமிட்ட பிசாசொன்றை வாண வேடிக்கையோடு அனுப்புகிறது மெஃபிஸ்டோஃபிலிஸ். உலகைப் படைத்தவர் யார் என்று கேட்கிறான். சொல்ல முடியாது என்கிறது. கேட்டதையெல்லாம் தருவதாக எழுதிய பத்திரத்தில் இரண்டு மீறல்கள். ஃபாஸ்டஸ் வழக்குத் தொடுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்காவில் ஸ்டீஃபன் வின்சென்ட் பெனே 1936இல் ஒரு கதை எழுதி, வழக்குரைஞர் டேனியல் வெப்ஸ்டரைச் சாத்தானுக்கு எதிரே நிறுத்தி, செத்துப்போன கயவர்களை ஜூரிகளாக உட்காரவைத்தார். வழக்குரைஞர்கள் கூட்டத்தில் இருந்தால் இதை வாசிக்காமல் விடமாட்டார்கள். எனக்கு அது சற்றுக் கூடுதலாகவே மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது.

ஃபாஸ்டஸ் வாங்கிய சரக்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். தொடக்கத்தில் அவன் ஆசை பெரிது: ஏவல் பூதங்களை இந்தியாவுக்குப் பறக்கவைத்துப் பொன் கொண்டுவரச் செய்வேன், கடலைத் துழாவிக் கீழைநாட்டு முத்தெடுப்பேன் என்கிறான். முத்துக்குளித்துறையின் தென்கோடியில் உட்கார்ந்து வாசிக்கும் நமக்கு அந்த வரியில் நிமிர்ந்து உட்காராமல் இருக்க முடியாது. கடைசியில் அந்த வல்லமையைக் கொண்டு அவன் செய்தவற்றில் ஒன்று, கருவுற்றிருந்த ஒரு சீமாட்டிக்கு ஜனவரி மாதத்தில் திராட்சைப்பழம் வரவழைத்துக் கொடுத்தது. இங்கே குளிர்காலமாக இருக்கும்போது இந்தியா போன்ற கீழை நாடுகளில் கோடையாக இருக்கும், அங்கிருந்து தருவித்தேன் என்று அவன் விளக்கமும் சொல்கிறான். நம் ஊரில் தை மாதத்தைக் கோடை என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பது ஒருபுறமிருக்க, அந்தத் திராட்சை கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போயிருக்கும் என்று எங்களில் ஒருவர் இன்றுவரை வாதிடுகிறார். ஐப்பசியில் அயினிச்சக்கை கேட்பதற்கு ஒப்பான மசக்கை ஆசை ஒன்றை நிறைவேற்ற ஓர் ஆன்மா செலவாகியிருக்கிறது.

இரண்டாம் மாலையில் கடைசிக் காட்சியை உரக்க வாசிக்க வேண்டும். கடிகாரம் பதினொன்று அடிக்கிறது. பன்னிரண்டுக்குச் சாத்தான் வரும். எங்கள் குடக்காரர் வில்லுப்பாட்டுக் குடத்தைக் கொண்டுவந்து பதினொரு தட்டுத் தட்டுவார். ஒருவர் ஃபாஸ்டஸின் வரிகளைச் சொல்ல, மற்றவர்கள் பக்கப்பாட்டுக்காரர்களைப் போல ‘ஆமா’ போட வேண்டும். இந்த ஏற்பாட்டில் அவன் கெஞ்சலுக்கு ஒரு கொடூரமான அழகு வந்துவிடும். பாதியில் அரைமணி அடிக்கும். அங்கே மீண்டும் ஒரு தட்டு. முதல் அரைமணிக்கு மார்லோ செலவிட்ட வரிகளைவிட இரண்டாம் அரைமணிக்குக் குறைவான வரிகளையே கொடுத்திருக்கிறார் என்பதை அந்தத் தட்டு காட்டிக்கொடுத்துவிடும். நேரம் விரைவதைச் சொல்லாமல், நேரத்தையே விரைய வைத்திருக்கிறார். இரவின் குதிரைகளே மெல்ல ஓடுங்கள் என்று அவன் லத்தீனில் கதறும் வரி, காதலியின் பக்கத்தில் படுத்திருப்பவன் விடியக் கூடாதென்று வேண்டுவதாக ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரிந்து கேட்கும்போது வயிறு கலங்கும்.

மார்லோவை முடித்தவர்களுக்குக் கதேயின் முதல் பாகம் (1808) இப்போது திறக்கும். நூலின் தொடக்கத்தில் நாடக அரங்கின் முதலாளியும் கவிஞரும் கோமாளியும் பேசிக்கொள்ளும் பகுதியைத் தாண்டிச் செல்லாதீர்கள். காளிதாசரின் சாகுந்தலத்தை 1791இல் ஜெர்மன் மொழியில் படித்துச் சொக்கிப்போன கதே, அதன் சூத்திரதாரன் முன்னுரையிலிருந்து இந்த உத்தியை எடுத்துக்கொண்டார் என்பது அறிஞர்களின் துணிபு. சாத்தான் இங்கே பூடில் நாயாக வீட்டுக்குள் நுழைகிறது. வாசலில் வரைந்த ஐங்கோண நட்சத்திரத்தின் ஒரு முனை மூடாமல் விடப்பட்டிருந்ததால் உள்ளே வந்துவிட்டது, வெளியே போக முடியாமல் எலியைக் கூப்பிட்டுக் கோட்டைக் கரம்பச் சொல்கிறது. மார்கழியில் வாசலில் கோடு சேராமல் இழுத்த கோலத்தை ஆச்சி அழித்துப் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதானென்று எனக்கு ஒரு சந்தேகம்.

பத்திரத்துக்கு வருவோம். இது கிரயம் இல்லை, பந்தயம். எந்த ஒரு கணத்தையாவது பார்த்து ‘நில், நீ அத்தனை அழகு’ என்று நான் சொல்லிவிட்டால் என்னை விலங்கிட்டுக்கொள் என்கிறான் ஃபாஸ்ட். அப்படியும் மெஃபிஸ்டோ இரண்டு வரி எழுதிக் கேட்கிறது, ஃபாஸ்ட் எரிச்சலடைகிறான். இரண்டாம் பாகத்தின் இறுதியில் கண்ணிழந்த முதுகிழவனான அவன், கடலை அணைகட்டித் தடுத்து மீட்ட நிலத்தில் நிற்கிறான். மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. வாய்க்கால் தோண்டுகிறார்கள் என்று மகிழ்கிறான், தோண்டப்படுவது அவன் குழி. சுதந்திர நிலத்தில் சுதந்திர மக்களோடு நிற்கும் நாள் வருமானால் அந்தக் கணத்தைப் பார்த்து அவ்வார்த்தையைச் ‘சொல்லலாம்’ என்று கூறிவிட்டுச் சாகிறான். சொன்னானா, சொல்லக்கூடும் என்றானா? ஜெர்மன் மூலத்தில் வினை நிபந்தனைப் பொருளில் நிற்கிறது. கூட்டத்தை இரண்டு கட்சியாகப் பிரித்து இதை வாதாட வைக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் முதல் ஆண்டு சாத்தான் கட்சி வென்றது. ஆண்டுதோறும் அலை ஊரைத் தின்பதைப் பார்த்து வளர்ந்த கடற்கரைக்காரர் ஒருவர் மறு ஆண்டில் சேர்ந்து, கடலைத் தடுத்தவனுக்கு அந்த ஒரு சொல்லுக்கு உரிமை உண்டு என்று பேசியதில் தீர்ப்பு மாறியது. அவன் ஆசைக்காக ஒரு கிழத்தம்பதியின் குடிசை கொளுத்தப்பட்டதை மற்றவர்கள் நினைவூட்டிய பிறகும் அவர் அசையவில்லை.

தாமஸ் மன்னின் 1947ஆம் ஆண்டு ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாவலை இதற்குப் பிறகு தனியாக வீட்டில் வாசித்துக்கொள்ளலாம். கூட்டத்தில் அது நகராது. ஷாமிஸோவின் 1814ஆம் ஆண்டு ‘பீட்டர் ஷ்லெமில்’ குறுநாவலை ஒரு வெயில் மாலையில், சங்குத்துறைக் கடற்கரையில் நிழல் நீளும்போது வாசியுங்கள். சாம்பல்நிறக் கோட்டணிந்த மனிதன் குனிந்து, புல்வெளியிலிருந்து ஒருவனுடைய நிழலைத் தலைமுதல் கால்வரை மெல்லப் பெயர்த்தெடுத்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளும் இடம் வந்ததும், எல்லோரும் தத்தம் நிழலைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு மாலையைப் பழிவாங்கும் பேயான நீலிக்கு ஒதுக்காவிட்டால் நம் மாவட்டத்தில் இந்த வாசிப்பு நிறைவு பெறாது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டிப் போகும் எவருக்கும் கதை தெரியும்: கள்ளியைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று வணிகனைச் சுட்டிப் பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன் நீலி நியாயம் கேட்டாள். உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று அவர்கள் வணிகனிடம் வாக்குக் கொடுத்தார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். ஐரோப்பியக் கதைகளில் ஒப்பமிட்டவன் மட்டும் மாட்டிக்கொள்கிறான், தப்பிக்க ஓட்டை தேடுகிறான். இங்கே காகிதமும் இல்லை, இரத்தமும் இல்லை, பேயோடு யாரும் பேரமும் பேசவில்லை. சொன்ன சொல்லுக்காகப் பிணை நின்றவர்கள் போகிறார்கள். சித்தப்பாவின் கண்ணாடிக்கு இதில் வேலையே இல்லை என்பதால்தான் இதை ஃபாஸ்டஸுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்கிறேன்.

கடைசிக் கூட்டத்தில் புட்டி விளையாட்டு நடத்த வேண்டும். காலி நன்னாரி சர்பத் புட்டி ஒன்று போதும். இருபது ரூபாய் நாணயத்தில் தொடங்கி, ஒவ்வொருவரும் வாங்கிய விலைக்குக் குறைவாக அடுத்தவரிடம் விற்க வேண்டும். அச்சடித்த நாணயம் மட்டுமே செல்லும், கூகுள் பே செல்லாது. புட்டி யாரிடம் தங்குகிறதோ அவர் அடுத்த ஆண்டு முழுவதும் எல்லோருக்கும் சுக்குக் காப்பியும் பலகாரமும் கொண்டுவர வேண்டும். கால் ரூபாயும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமற்போய்விட்டதால் ஐம்பது காசுதான் அடிமட்டம். சென்ற மார்கழியில் புட்டி ஐம்பது காசுக்கு என் தலையில் விழுந்தது. மறுநாள் சித்தப்பாவின் மரப்பெட்டியைக் குடைந்ததில் திருவிதாங்கூர்ச் செப்புக்காசு ஒன்று அகப்பட்டது. அதை ஆச்சியிடம் கொடுத்து, புட்டியை அந்தக் காசுக்கே அவருக்கு விற்றுவிட்டேன். அச்சடித்த நாணயமாக இருக்க வேண்டும் என்றுதான் ஸ்டீவன்சன் எழுதியிருக்கிறார், செல்லும் நாணயமாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை என்பது என் தரப்பு. கூட்டத்துக்கு வெளியே உள்ளவருக்கு விற்றது செல்லாது என்பது எதிர்த்தரப்பு. வழக்கு ஐப்பசிக்கு வாய்தா போடப்பட்டிருக்கிறது. ஆச்சி இதற்கிடையில் புட்டியைக் கழுவி, அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டார்.